சிங்கப்பூருக்குப் போன அண்ணன்

கிள்ளான்
9 மார்ச் 2025

அன்புள்ள சீதாவுக்கு,

அண்ணி எழுதுறேன். முழங்கால் வலி எப்படி இருக்கு, நேரத்துக்குப் பசியாறுறியா? நானும் பிரியாவும் உடம்புக்கு நல்லாத்தான் இருக்கோம்.

போன் இருக்க எதுக்குக் கடுதாசின்னு நினைப்பே. நம்ம பிளாட்டு உனக்குத் தெரியும், ஹால்ல தும்மினா ரூம்ல கேக்கும். வாட்சாப்பை எனக்கு முன்னாடி பிரியா திறந்துடுறா. அதுவும் இல்லாம, போன்ல நீ ஹலோன்னு சொன்னா உங்க அண்ணன் சொல்ற மாதிரியே இருக்கு. அதுக்கப்புறம் நீயும் பேசுறதில்ல, நானும் பேசுறதில்ல. அதான் பக்கத்து வீட்டு ஆயிஷாகிட்ட கொடுத்து விடுறேன். அவ தினமும் கொமுட்டர் ரயில்ல உங்க பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கிற ஒரு கிளினிக்குக்குத்தானே வேலைக்கு வரா. பதிலையும் அவகிட்டயே கொடு.

விஷயம் பிரியாவைப் பத்தி. அவ அப்பா போனதிலேருந்து பிள்ளை அழவே இல்ல. அன்னைக்கும் இல்ல, பதினாறாம் நாள் காரியத்திலயும் இல்ல. அப்பாங்கிற வார்த்தையே வாயில வரல. ஸ்கூலுக்குப் போறா, வரா, நான் சொல்லாமலே தட்டு கழுவி வைக்கிறா. பத்து வயசுப் பிள்ளை சொல்லாம தட்டு கழுவினா எனக்குப் பயமா இருக்கு.

உங்க அண்ணன் லோரி விட்டுட்டு வந்து குளிச்சதும் அவளுக்குக் கதை படிப்பாரு. பாதியில குறட்டை விடுவாரு, இவ மூக்கைப் பிடிச்சு எழுப்புவா. இப்ப அந்தப் புத்தகத்தையெல்லாம் தொடுறதே இல்ல. நான் படிக்கலாம்னா, எஸ்டேட் ஸ்கூல்ல மூணாவதோட நின்னவ. பேசுறதை அப்படியே கடுதாசியா எழுதிடுவேன், ஆனா புத்தகத் தமிழை நான் எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள சோறு வெந்துடும். அதனால, நான் கடைக்குக் கொடுக்க மாவுக்குள்ள கிழங்குக் கறி வச்சுக் கறிபாப் மடிக்கிறப்ப நீ எனக்குப் படிச்சுக் காட்டுன்னு கேட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். அம்மாவுக்கு உதவின்னா செய்வா.

நீ இத்தனை வருஷமா புத்தகக் கடையில இருக்கே. அந்த வயசுக்கு ஏத்ததா, அத்தியாயம் அத்தியாயமா போற கதையா பார்த்து அனுப்பு. ஒண்ணே ஒண்ணுதான், கதையில யாரும் சாகக் கூடாது. ஆளு, நாய், கோழி, எதுவும்.

டப்பாவுல கறிபாப் இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடு.

உன் அண்ணி
குமுதா


பிரிக்பீல்ட்ஸ்
16 மார்ச் 2025

அன்பு அண்ணிக்கு,

சீதாலெட்சுமியின் வணக்கம். முழங்கால் படியேறும்போது மட்டும் முனகுது, மற்றபடி சுகம். நீங்களும் வேலையைக் கொஞ்சம் குறைச்சுக்கணும். கறிபாப் டப்பா கடைக்குள்ள வந்ததும் முதலாளிக்கு வாசனை தெரிஞ்சுபோச்சு. எனக்கு மிஞ்சினது ரெண்டுதான்.

நீங்க கேட்டது சுலபம்னு நினைச்சு அலமாரி முன்னால போய் நின்னேன். அண்ணி, எந்தப் பிள்ளைங்க கதையை எடுத்தாலும் யாராவது ஒருத்தர் போய்ச் சேர்ந்திருக்காங்க. முதல் பக்கத்திலேயே அம்மா இருக்க மாட்டாங்க. அம்மா இருந்தா அப்பா கடலோட போயிருப்பார். ரெண்டு பேரும் இருந்தா நாய்க்குட்டிக்கு ஏதாவது ஆயிடும். முதலாளிகிட்ட கேட்டேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழட்டாம சொன்னார்: "அம்மா அப்பா ரெண்டு பேரும் நல்லா இருந்தா பிள்ளையை ஒன்பது மணிக்கே படுக்க வச்சிடுவாங்க சீதா. அப்புறம் கதை எங்கேர்ந்து நடக்கும்?"

தேடித் தேடி ரெண்டு எடுத்தேன். ஒண்ணு ‘எறும்புப் போலீஸ் ஸ்டேஷன்’. சர்க்கரைத் திருடனை எறும்பு இன்ஸ்பெக்டர் தேடுறது. எல்லாமே சின்னச் சின்ன அத்தியாயம், ஒரு தட்டு கறிபாப்புக்கு ஒண்ணு முடிஞ்சுடும். இன்னொண்ணு ‘மூணாம் மாடிப் பூனை’. பூனை சாகலை, கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துட்டேன்.

இங்க வர்ற அம்மாக்கள்கிட்ட நான் சொல்றதை உங்ககிட்டயும் சொல்றேன். கதை முடிஞ்சதும் இதுல என்ன படிப்பினைன்னு கேட்காதீங்க. பிள்ளைங்க புத்தகத்தை மூடி வைக்கிறதே அந்தக் கேள்வியாலதான். அடுத்து என்ன ஆகும்னு மட்டும் கேளுங்க.

பிரியாவுக்கு என் முத்தம்.

அன்புடன்
சீதா


கிள்ளான்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள சீதாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். உன் முழங்காலுக்கு ஆயிஷா ஒரு தைலம் சொன்னா, வாங்கி இதோட வச்சிருக்கேன். ராத்திரி தேய்ச்சுட்டுப் படு. பதில் லேட்டாயிடுச்சு. நோன்புப் பெருநாளுக்கு ஆர்டர் மேல ஆர்டர், மாவு பிசைஞ்சே கை ரெண்டும் வீங்கிப் போச்சு.

நீ அனுப்பின எறும்பு நல்ல எறும்பு. முதல் நாள் பிரியா செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சா. நான் மடிச்சுக்கிட்டே, அடுத்து என்ன ஆகும்னு நீ சொன்னபடி கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தா. மறுநாள் தானா எறும்புக்கு ஒரு குரல் வச்சா. இன்ஸ்பெக்டர் எறும்புக்கு அவங்க ஹெட்மாஸ்டர் குரல். எனக்குச் சிரிப்பு தாங்கல, ஒரு கறிபாப் வாயைத் திறந்துக்கிட்டே எண்ணெய்க்குள்ள போச்சு. அதைப் பார்த்து அவளும் சிரிச்சா. எத்தனை நாளைக்கப்புறம்னு உனக்கே தெரியும்.

பூனை ரெண்டு அத்தியாயம் காணாமப் போச்சு பாரு, அப்ப மடிக்கிறதை விட்டுட்டு எழுந்துட்டேன். நீ என்னை ஏமாத்திட்டேன்னு நினைச்சேன். அப்புறம் தண்ணித் தொட்டி பக்கத்துல குட்டி போட்டிருந்துச்சு. நல்லவ நீ.

இப்ப ஆயிஷா பையன் இர்ஃபானும் சாயங்காலம் நம்ம கதவோரம் வந்து உக்காந்துக்கிறான். கேட்டா, அம்மாவுக்காகக் காத்திருக்கேன்கிறான். அவன் அம்மா வந்து சமைச்சு முடிச்சுக் கூப்பிட்டாலும் காத்திருக்கான். பதினொரு வயசு, பந்தைத் தவிர ஒண்ணும் தெரியாது, போனைக் கொடுத்தா கண்ணை எடுக்க மாட்டான். அவனுக்கும் ஏத்த மாதிரி ஒண்ணு பார்த்துச் சொல்லுன்னு ஆயிஷா கேக்குறா.

ஆனா பிரியா அப்பாவைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசல. சிரிக்கிறா, அதோட நின்னுடுது.

நீ எப்ப வரே? காரியத்துக்கு வந்தவதான். ரயில் ஏறினா ஒரு மணி நேரம் சொச்சம்.

அண்ணி
குமுதா


பிரிக்பீல்ட்ஸ்
13 ஏப்ரல் 2025

அன்பு அண்ணிக்கு,

தைலம் கிடைச்சது, தேய்க்கிறேன். கடை முழுக்க அந்த வாசம்தான். வாடிக்கையாளர் ஒருத்தர் தைலமும் விக்கிறீங்களான்னு கேட்டுட்டார். நாளைக்கு வருஷப் பிறப்பு, இந்த வருஷம் நமக்கு ஒண்ணும் கிடையாது. இருந்தாலும் பிரியாவுக்கு ஏதாவது இனிப்பு வாங்கிக் கொடுங்க.

இர்ஃபானுக்கு ‘கோல்கீப்பரின் கண்ணாடி’ அனுப்பியிருக்கேன். பாதிக்குப் பாதி படம். ஆயிஷா அக்காகிட்ட சொல்லுங்க, படம் நிறைய இருக்கேன்னு முகம் சுளிக்க வேண்டாம், படம் பார்க்கிறதும் படிக்கிறதுதான். அவன்கிட்ட படின்னு கொடுக்கவும் வேண்டாம். அவன் காலுல போடுற காற்பந்து சப்பாத்து பக்கத்துல வச்சுட்டுப் போயிடட்டும். இங்க ஒரு அப்பா மகனுக்கு வாங்கிட்டுப் போய் தானே முடிச்சுட்டு, அடுத்த பாகம் இருக்கான்னு கேட்டு வந்தார்.

பிரியாவுக்கு ‘கூரைமேல் படகு’. ஆத்தோரத்துல ஒரு வீடு. வருஷா வருஷம் வெள்ளம் வரும். செழியன்னு ஒரு அண்ணன், கயல்னு ஒரு தங்கச்சி, ரெண்டு பேரும் கூரை மேலயே ஒரு படகு கட்டுறாங்க. அதுக்கு மேல நான் சொல்லலை. முதல் எட்டு அத்தியாயம் மாதிரி நான் படிச்சதே இல்லை.

வரணும்னுதான் இருக்கேன் அண்ணி. இந்த மாசம் சரக்குக் கணக்கு எடுக்கிறாங்க. முடிஞ்சதும் பார்க்கிறேன்.

சீதா


பிரிக்பீல்ட்ஸ்
4 மே 2025

அன்பு அண்ணிக்கு,

சுகமா இருக்கீங்களா, பிரியா எப்படி இருக்கா? மூணு வாரமா உங்ககிட்டேருந்து ஒரு வரி வரலை. ஆயிஷா அக்காகிட்ட கேட்டா, நல்லாத்தான் இருக்காங்கன்னு சொல்லிட்டு ரயிலுக்கு ஓடிடுறாங்க.

கோபமா இருக்கீங்கன்னு நினைக்கிறேன். நியாயம்தான். ஒன்பதாம் அத்தியாயத்துல அந்த அண்ணன் காய்ச்சல்ல போயிடுறான்னு தெரிஞ்சேதான் அனுப்பினேன். முதலாளிகூட வேண்டாம்னார். பிள்ளை அழவே இல்லைன்னு நீங்க எழுதினது மனசுல கிடந்தது. ஒரு கதைக்காகவாவது அழட்டுமேன்னு நினைச்சேன். உங்களைக் கேட்காம செஞ்சது தப்பு.

பிரியா ரொம்ப உடைஞ்சு போயிட்டாளா? ஒரு வரி எழுதுங்க.

சீதா


கிள்ளான்
7 மே 2025

அன்புள்ள சீதாவுக்கு,

நல்லா இருக்கோம், நீ பயப்படாதே. கல்யாண ஆர்டர் ஒண்ணு வந்துச்சு, அதான் எழுத முடியல.

நீ என்ன சொல்றேன்னே எனக்குப் புரியல. படகுக் கதையை முடிச்சாச்சே. அதுல யாரு செத்தா? காய்ச்சல் ஒண்ணும் வரல. ஒன்பதாம் அத்தியாயத்துல செழியனுக்கு சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை கிடைச்சுப் போயிடுறான். தங்கச்சி தனியா படகைக் கட்டி முடிக்கிறா. அவன் அங்கேருந்து சாக்லேட்டு அனுப்புறான், ஞாயித்துக்கிழமையானா போன் பண்றான். சின்ன வயசுல நல்ல வேலைக்குப் போயிட்டானேன்னு எனக்கே சந்தோஷமா இருந்துச்சு. நீ வேற ஏதோ புத்தகத்தோட குழப்பிக்கிட்டே.

இர்ஃபான் கண்ணாடிக் கதையை ரெண்டு தடவை முடிச்சுட்டான். இப்ப அவனுக்கும் கண்ணாடி வேணுமாம்.

அண்ணி


பிரிக்பீல்ட்ஸ்
8 மே 2025

அண்ணி,

சுகம் விசாரிக்காம எழுதுறேன், மன்னிச்சுக்குங்க. ஆயிஷா அக்கா வாசல்ல நிக்கிறாங்க.

அந்தப் புத்தகத்துல சிங்கப்பூரே கிடையாது.

சீதா


கிள்ளான்
18 மே 2025

அன்புள்ள சீதாவுக்கு,

நீ எப்படி இருக்கே? நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். இந்தத் தடவை உண்மையாவே நல்லா இருக்கோம்.

உன் துண்டுக் கடுதாசியைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. மறுநாள் பிரியா ஸ்கூலுக்குப் போனப்புறம் அடுப்பை அணைச்சுட்டு, கையைக் கழுவி, அந்தப் புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அது நாலே பக்கம்தான். நான் முடிக்கிறதுக்குள்ள கடைக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு, இன்னைக்குக் கறிபாப் இல்லையா அக்கான்னு.

அந்தப் பையன் செத்துத்தான் போறான். மழை பெய்யுது, டாக்டர் வர முடியல. தங்கச்சி பக்கத்துல உக்காந்திருக்கா.

என் பிள்ளை இதை எனக்குப் படிச்சுக் காட்டினா சீதா. ஒரு வார்த்தை தடுமாறாம, புத்தகத்தைப் பார்த்துக்கிட்டே. அச்சுல ஒண்ணு இருக்க, வாய் வேற ஒண்ணு சொல்லியிருக்கு. அதோட விட்டாளா, அதுக்கப்புறம் வர்ற அத்தியாயத்துக்கெல்லாம் சாக்லேட்டும் போனும் சேர்த்து, ஒரு முடிச்சு விடாம கொண்டு போயிருக்கா. நான் மாவைப் பார்த்து மடிச்சுக்கிட்டே, எந்தக் கம்பெனி, சம்பளம் எவ்வளவுன்னு வேற கேட்டேன். அதுக்கும் பதில் சொன்னா.

சாயங்காலம் வந்ததும் நான் திட்டல. இன்னைக்கு ஒன்பதாம் அத்தியாயத்தை இன்னொரு தடவை கேக்கணும்னேன். அதான் கேட்டாச்சேம்மான்னா. சரி, நான் படிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லுன்னு ஆரம்பிச்சேன். முதல் வரியிலேயே அவ முகம் மாறிப் போச்சு. நான் நிறுத்தல. செழியன் தண்ணி கேக்குற இடம் வந்ததும் என்னால எழுத்துக்கூட்ட முடியல, கண்ணு மறைக்குது. அவ விரலை வச்சு அடுத்த வரியைப் படிச்சா. அதுக்கு அடுத்த வரியையும் படிச்சா. அங்கதான் அவளுக்கும் நின்னுடுச்சு.

"நீ அழுவேன்னுதாம்மா அவனை சிங்கப்பூருக்கு அனுப்பிட்டேன்"னா.

நான் சொன்னேன், "அழுவேன்தான். அழுதா என்னடி?"

அப்ப அழுதா பாரு. அத்தனை மாசத்து அழுகையும். அப்பா அப்பான்னு சொல்லிச் சொல்லி அழுதா. அன்னைக்குக் காலையில லோரிக்குக் கிளம்பும்போது அவரு கூப்பிட்டதுக்கு இவ தூக்கத்துல பதில் சொல்லலையாம், அதைச் சொல்லி அழுதா. நான் மடியில போட்டுக்கிட்டேன். எனக்கும் அடக்க முடியல. அவளுக்குத் தெரியாம அழுறேன்னு இவ்வளவு நாளும் நான் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அதுவும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தண்ணி பில்லு ஏறிக்கிட்டே போகுதும்மாங்கிறா.

ரொம்ப நேரம் கழிச்சு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், உங்கப்பாவையும் சிங்கப்பூருக்கு அனுப்பி வச்சிருக்கலாமேடின்னு. அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "அப்பாகிட்டதான் பாஸ்போர்ட் இல்லையே"ன்னா. எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல, அப்படி ஒரு சிரிப்பு. அவளும் சிரிக்கிறா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறோம். சுவத்தைத் தட்டி, என்னாச்சு அக்கா, அழுறீங்களா சிரிக்கிறீங்களான்னு ஆயிஷா கேக்குறா.

அன்னைக்குத் தட்டு ரெண்டும் கழுவாம அப்படியே கிடந்துச்சு. நான்தான் கழுவினேன், சந்தோஷமா.

உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. இனிமே கதையில யாரு வேணா சாகட்டும், நல்ல கதையா இருந்தா சரி.

உன் அண்ணி
குமுதா


கிள்ளான்
25 மே 2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். விசாரிச்சாச்சு.

அத்தை, நீங்க முதல் எட்டு அத்தியாயம் நல்லா இருக்கும்னு மட்டும்தான் எழுதினீங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்படின்னா நீங்க ஒன்பது படிக்கலை, சரிதானே? எனக்குக் கோபம் இல்லை. நானும் முதல்ல தனியா படிச்சுட்டு, அந்த நாலு பக்கத்தை ரப்பர் பேண்ட் போட்டு மூடி வச்சிருந்தேன்.

பத்திலேருந்து பதினாலு வரைக்கும் இன்னும் நல்லா இருக்கு. பன்னிரண்டுல கயல் படகுக்கு என்ன நிறம் அடிக்கிறான்னு நான் சொல்ல மாட்டேன். இந்தப் புத்தகத்தை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்றேன். பெரியவங்களும் படிக்கலாம். ஆனா தனியா படிக்காதீங்க, பக்கத்துல ஒருத்தர் இருக்கணும். எனக்கு அம்மா இருந்தாங்க.

புத்தகத்தை ஆயிஷா ஆன்டிகிட்ட கொடுத்து அனுப்பியிருக்கேன். திருப்பி அவங்ககிட்ட கொடுக்கக் கூடாது. நீங்களே கொண்டு வரணும்.

இப்படிக்கு
மு. விஷ்ணுப்ரியா
நான்காம் ஆண்டு


பிரிக்பீல்ட்ஸ்
22 ஜூன் 2025

அன்பு அண்ணிக்கு,

சுகம்தான். பிரியா கடிதம் வந்து இத்தனை நாளாச்சு. அவளுக்குப் பதில் எழுத உக்காருவேன், எழுந்துடுவேன். புத்தகம் மேசை மேல இருக்கு. பிரியா சொன்னது சரிதான், ஒன்பதுல செழியன் போறதையும் அதுக்கப்புறம் வர்றதையும் முதலாளி சொல்லிக் கேட்டதோட சரி. கடையில யார் வந்து கேட்டாலும், எட்டு அத்தியாயம் வரைக்கும் அருமைன்னு சொல்லித்தான் இதுவரைக்கும் வித்திருக்கேன்.

முகுந்தன் அண்ணன் இல்லாத வீட்டுக்குள்ள எப்படிக் கால் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை அண்ணி.

சனிக்கிழமை வரேன். பத்து மணி ரயில். சமைச்சுக் கஷ்டப்படாதீங்க.

சீதா


கிள்ளான்
30 ஜூன் 2025

அன்புள்ள சீதாவுக்கு,

நல்லபடியா போய்ச் சேர்ந்தியா? இந்தத் தடவை உன் முழங்காலைப் பத்திக் கேக்கல, நானே பார்த்துட்டேன். நேத்து சாயங்காலம்தானே போனேன், அதுக்குள்ள என்ன கடுதாசின்னு நினைக்காதே. எழுதிப் பழகிட்டேன், விட முடியல.

நீ போனதிலேருந்து பிரியா வாய் ஓயல. நீ செழியனுக்கு வச்ச குரல் அப்படியே அப்பா குரலாம். நீ ஒன்பதாம் அத்தியாயத்தைப் படிக்கையில நான் கண்ணை மூடிக்கிட்டுதான் கேட்டேன். நீ நின்ன இடத்துல பிரியா படிச்சா, அவ நின்ன இடத்துல நான் எழுத்துக்கூட்டினேன். நாலு பக்கத்துக்கு மூணு பேரு. இர்ஃபான் வேற கதவோரம் உக்காந்து சட்டையில மூக்கைத் துடைச்சுக்கிட்டு, தூசின்னு சொன்னான். பன்னிரண்டாம் அத்தியாயத்துல நீ கை தட்டினே பாரு, அதைத்தான் பிரியா எல்லாருக்கும் நடிச்சுக் காட்டிக்கிட்டிருக்கா.

ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. சனிக்கிழமை கிள்ளான் ஸ்டேஷன்ல நாங்க ரெண்டு பேரும் நின்னோம். ரயில் வந்துச்சு, எல்லாரும் இறங்கினாங்க, நீ இறங்கல. கதவு மூடிக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் கடைசி ஸ்டேஷன் போர்ட் கிள்ளானிலேருந்து திரும்புற ரயில்ல வந்து இறங்கினே. படிச்சுக்கிட்டே இருந்ததுல ஸ்டேஷன் வந்ததே தெரியல அண்ணின்னே. பிரியா ஆமா ஆமான்னு தலையாட்டி உன் பையை வாங்கிக்கிட்டா.

நீ தூங்கினப்புறம்தான் என்கிட்ட சொன்னா. ஜன்னல் வழியா உன்னைப் பார்த்தாளாம். புத்தகம் மடியில மூடித்தான் இருந்துச்சாம். நீ எங்களையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தியாம். கையைக்கூட ஆட்டினாளாம். அத்தைகிட்ட சொல்லாதம்மா, அவங்க கதையைக் கெடுக்காதேன்னா. நான் சொல்லிட்டேன். எங்க வீட்டுல இனிமே யாரும் யாரையும் சிங்கப்பூருக்கு அனுப்புறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கோம்.

அதனால கேளு. அடுத்த சனிக்கிழமையும் வா. கிள்ளான் வந்ததும் எழுந்திரிக்க முடியலன்னா பரவாயில்ல, அப்படியே உக்காந்திரு. ஜன்னலோரம் எங்களுக்கு ரெண்டு இடம் பிடிச்சு வை. நாங்க ஏறிக்கிறோம். மூணு பேருமா போர்ட் கிள்ளான் வரைக்கும் போயிட்டு, சேர்ந்தே வீட்டுக்குத் திரும்பி வருவோம்.

உன் அண்ணி
குமுதா